பிள்ளைகளோடு கொலராடோவில் எல்க் வேட்டை: ஏஜென்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 13. அடுத்த இலையுதிர் காலத்தில் இருவரையும் கொலராடோவுக்கு எல்க் மான் வேட்டைக்குக் கூட்டிப்போக ஆசை. என்னிடம் 4 பிரிஃபரன்ஸ் பாயின்ட் (லைசென்ஸ் குலுக்கலில் கிடைக்காத ஆண்டுகளுக்குச் சேரும் முன்னுரிமைப் புள்ளி) இருக்கிறது, பிள்ளைகளிடம் ஒன்றும் இல்லை. முன்பணம் கட்டினால் மூன்று பேருக்கும் லைசென்ஸ் உறுதி என்கிறார் ஒரு புக்கிங் ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். லைசென்ஸ் தருவது மாநில வனவிலங்குத் துறை. அதை உறுதி செய்ய வெளியார் யாருக்கும் வழியில்லை. அவர் உறுதி என்று சொல்வது அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை: துப்பாக்கி வேட்டைக்கான ரைஃபிள் சீசன்களில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பல யூனிட்களுக்கு (வேட்டைக்காகப் பிரித்த பகுதிகளுக்கு) குலுக்கல் இல்லாமலே விற்கும் ஆண் எல்க் லைசென்ஸ். ஆகஸ்டில் நீங்களே துறையின் இணையதளத்தில் வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் கிடைக்கிற பொருளுக்குத் தரகு வாங்குகிறார்கள், வேறொன்றும் இல்லை. தவிர, அது உங்கள் மகளுக்கு ஏற்றதும் அல்ல. பெரும்பாலான யூனிட்களில் ஆண் எல்க்கைச் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது நான்கு கிளைகளாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அடிக்கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். வெளிச்சம் மங்கும் நேரத்தில், 200 கஜ தூரத்தில், மரங்களுக்கு நடுவே நிற்கும் மிருகத்தின் கொம்புக் கிளையை 13 வயதுப் பெண் எண்ண வேண்டும். தப்பாக எண்ணிச் சுட்டால் அபராதம் வரும், அதைவிடப் பிள்ளையின் மனம் உடைந்துபோகும்.

இரண்டாவது வகை: நில உரிமையாளர்களுக்குத் துறை கொடுக்கும் வவுச்சர், அதாவது லைசென்ஸ் வாங்க உரிமை தரும் சீட்டு. அது உரிமையாளர் கையிலிருந்து நேராக வேட்டைக்காரர் கைக்கு வர வேண்டும். நடுவில் ஒருவர் வாங்கி மறுபடி விற்பது சட்டவிரோதம். இது தெரிந்தும் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மாட்டினால் வேட்டை கெடுவது உங்களுக்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? ஏப்ரல் தொடக்கத்தில் முடியும் முதல் குலுக்கலில் பிள்ளைகள் இருவருக்கும் பெண் எல்க் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். சிறுவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறார்கள். பாயின்ட் இல்லாமலே கிடைக்கும் யூனிட்களும் உண்டு. கட்டணமும் பெரியவர்களுக்கு ஆவதில் சிறு பகுதிதான். விண்ணப்பிக்கும் முன் தகுதி லைசென்ஸ் என்று ஒன்றைத் தனியாக வாங்கச் சொல்வார்கள். சிறுவர்களுக்கு அது சொற்பத் தொகைதான், மறந்துவிடாதீர்கள்.

உங்கள் பாயின்ட்டை நம்பி மூவரும் ஒரே குழுவாக விண்ணப்பிக்க வேண்டாம். குழுவில் யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அந்தக் கணக்குதான் எல்லோருக்கும். உங்கள் நான்கும் சுழியாகிவிடும். இந்த முறை உங்களுக்கு லைசென்ஸே எடுக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. கையில் சொந்தத் துப்பாக்கி இருந்தால் கவனம் அதில்தான் போகும்.

ஒரு சலுகையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஏஜென்ட்கள் வாயே திறந்து சொல்வதில்லை. 12 முதல் 17 வயதுக்குள் இருப்பவர், குலுக்கலில் வந்த பெண் எல்க் லைசென்ஸோடு ரைஃபிள் சீசனில் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால், அதே லைசென்ஸை வைத்துக்கொண்டு பிந்தைய சீசன்களில் மறுபடி போகலாம். பள்ளி விடுமுறையோடு பொருந்திவரும். ஆனால் எல்லா யூனிட்டுக்கும் இது கிடையாது. பட்டியலில் உள்ள யூனிட்களுக்கு மட்டும், பெண் எல்க்குக்கு மட்டும். குலுக்கல் இல்லாமல் வாங்கிய ஆண் எல்க் லைசென்ஸுக்குச் செல்லாது. அதனால் அந்தப் பட்டியலை முதலில் பாருங்கள், அப்புறம் யூனிட்டைத் தேர்ந்தெடுங்கள். இவ்வளவு நல்ல சலுகையைக் கொடுத்துவிட்டு, துறையின் வேட்டைக் கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய மிருகம், பாலினம், யூனிட், சீசன், ஆயுதம் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் அடைத்திருக்கிறார்கள். ஒரு எழுத்து மாறினால் பெண் ஆணாகிவிடும். சாதாரணக் குடும்பம் படிக்க வேண்டிய புத்தகத்தை ஏன் இப்படி எழுத வேண்டும்?

16 வயது நிறையாத இருவருக்கும் உடன் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். அவருக்கு 18 வயதாகியிருக்க வேண்டும், வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 1949இலோ அதற்குப் பின்னோ பிறந்த எல்லோருக்கும் அந்த விதி உண்டு, உங்களுக்கும்தான். நீங்கள் லைசென்ஸ் எடுக்காமலே உடன் இருக்கலாம். ஆனால் பைனாகுலரோ வாக்கிடாக்கியோ இல்லாமல் கண்ணால் பார்த்து, காதால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். மகனை ஒரு மேட்டிலும் மகளை இன்னொரு மேட்டிலும் உட்கார வைத்துவிட்டு நீங்கள் நடுவில் அலைவது நடக்காது. இருவரையும் ஒரே இடத்தில் வைத்து, மாற்றி மாற்றி முறை கொடுங்கள்.

வழிகாட்டி வேண்டுமென்றால் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு தேடுங்கள். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ முடிவு தெரிந்துவிடும். அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணத்தை நடத்தித் தருபவர்) மாநிலத்தில் பதிவு செய்தவரா என்று எண்ணைக் கேட்டு நீங்களே சரிபாருங்கள். தேசியக் காட்டில் கூட்டிப்போகிறேன் என்றால் அந்தக் காட்டுக்கான தனி அனுமதியையும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியில்தான் போலிகள் தடுமாறுவார்கள். தனியார் நிலத்துக்கு வேலியோ பலகையோ இருக்க வேண்டிய கட்டாயம் கொலராடோவில் இல்லை. எல்லை காட்டும் செயலியைப் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் சமவெளியிலிருந்து நேராக 9,000 அடிக்குப் போனால் பிள்ளைகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வரலாம். இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். பெண் எல்க்கே 200 கிலோவைத் தாண்டும். இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் குற்றம், அதனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைலுக்குமேல் உள்ளே போய்ச் சுட வேண்டாம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை இறைச்சியின் ஒரு துண்டோடு ஒட்டியபடியே வையுங்கள், வழியில் நிறுத்திக் கேட்பார்கள். மான்களைத் தாக்கும் மூளை நோய் அங்கே இருப்பதால் தலையையும் முதுகெலும்பையும் டெக்சாஸுக்குக் கொண்டுவராதீர்கள், எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் போதும்.