வாசகர் கேள்வி பதில்: அலர்ட் வரவில்லை என்றால் எல்லாம் நலமா?

கேள்வி: ஐயா, எங்களிடம் சுமார் 30 லினக்ஸ் சர்வர்கள் உள்ளன. பாதி டெபியன், மீதி ராக்கி லினக்ஸ். சர்வர்களைக் கண்காணிக்கும் ஸாபிக்ஸ் மென்பொருளின் ஏஜென்ட்டை (சர்வரின் நிலையை மைய சர்வருக்குச் சொல்லும் சிறு நிரல்) எல்லாவற்றிலும் போட்டு, ஒரே மாதிரி கான்ஃபிக் கோப்பை வைத்து, ரீபூட்டும் செய்துவிட்டேன். டெபியன் சர்வர்கள் எல்லாம் பச்சை காட்டுகின்றன. ராக்கியில் பேக்கேஜ் பிழையே இல்லாமல் ஏறியது. ஆனால் ஒன்றிலிருந்தும் தகவல் வரவில்லை. இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கான்ஃபிக் கோப்பில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. இது இரண்டு லினக்ஸ் குடும்பங்களின் பழக்க வித்தியாசம். டெபியன், உபுண்டு வழக்கப்படி ஒரு சர்வீஸின் பேக்கேஜைப் போட்டதுமே அது ஓடத் தொடங்கிவிடும். ரெட் ஹாட் வழி வந்தவற்றில் (ராக்கி, ஆல்மா எல்லாம் இதில் சேர்த்தி) பேக்கேஜ் வட்டில் போய் உட்காரும், அவ்வளவுதான். ஓட வைப்பது நிர்வாகியின் வேலை. சர்வீஸ்களை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் எனேபிள் கொடுக்கும்போதே நவ் என்ற ஆப்ஷனையும் சேருங்கள். ஏஜென்ட் இப்போதே ஓடும், அடுத்த ரீபூட்டுக்குப் பிறகும் தானே எழும்.

அடுத்தது ஃபயர்வால். ராக்கியில் அது பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே விழித்திருக்கும். டெபியனில் நீங்களாகப் போட்டால்தான் உண்டு. ஏஜென்ட் கேட்கும் போர்ட் 10050. அதை நிரந்தர விதியாகத் திறந்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். நிரந்தரம் என்று சொல்லாமல் திறந்தால் இன்று வேலை செய்யும், ரீபூட் ஆனதும் மறுபடி மூடிக்கொள்ளும்.

இதற்கு மேல் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். மைய சர்வரில் உட்கார்ந்து, ஸாபிக்ஸ்-கெட் கட்டளையால் அந்த ராக்கி சர்வரிடம் ஏஜென்ட் டாட் பிங் என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். பதிலாக 1 வந்தால் பாதை சரி. வராவிட்டால் ஏஜென்ட்டின் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். "இந்த முகவரியிலிருந்து வந்த இணைப்பு மறுக்கப்பட்டது, அனுமதி உள்ளவை இவை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அதில் உள்ள ஐபி முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மைய சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்து, நீங்கள் எதிர்பார்க்காத கார்டின் வழியே அது பேசிக்கொண்டிருக்கும். நான் பார்த்த வழக்குகளில் இது அடிக்கடி வந்தது. லாக் காட்டும் முகவரியை ஏஜென்ட் கான்ஃபிக்கின் சர்வர் என்ற வரியில் சேர்த்து, ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் கையால் ஓட்டும்போது ஓடி, ஏஜென்ட் வழியாக மட்டும் தோற்றால், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸைச் சந்தேகியுங்கள். ஆனால் அதை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள். ஆடிட் லாக்கில் மறுப்பு பதிவாகியிருக்கும். அந்த ஒரு அனுமதியை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. ராக்கியில் ஈபெல் ரெப்போ (கூடுதல் பேக்கேஜ்களின் களஞ்சியம்) போட்டிருந்தால், அதிலும் ஸாபிக்ஸ் பேக்கேஜ்கள் இருக்கும். ஈபெல் ரெப்போவின் கோப்பில் ஸாபிக்ஸ் பெயரில் தொடங்குபவற்றை விலக்கும்படி ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில சர்வர்களில் ஒரு வெர்ஷன், சிலவற்றில் வேறு வெர்ஷன் என்று ஆகிவிடும்.

கேள்வி: உபுண்டுவில் அப்கிரேட் செய்யும்போது நடுவில் நின்று, "கான்ஃபிக் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, புதியதை வைக்கவா?" என்று கேட்கிறது. என்ன சொல்வது?

பதில்: வேண்டாம் என்றே சொல்லுங்கள். உங்கள் கோப்பு அப்படியே இருக்கும், புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் வந்து உட்காரும். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டு, புதிதாக வந்த வரிகளில் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள். ரெட் ஹாட் குடும்பத்தில் இந்தக் கேள்வியே வராது. ஆர்பிஎம்-நியூ என்ற வாலோடு ஒரு கோப்பு சத்தமில்லாமல் வந்திருக்கும், அதை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸாபிக்ஸ் 6.0-இலிருந்து 7.0-க்குப் போக வேண்டும். ஏஜென்ட்களை முதலில் மாற்றி ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் மைய சர்வரைத் தொடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: வரிசையைத் திருப்புங்கள். பழைய ஏஜென்ட் புதிய சர்வரோடு நன்றாகவே பேசும், அதனால் ஏஜென்ட்களுக்கு அவசரமே இல்லை. முதலில் மைய சர்வர். புராக்ஸி (ஏஜென்ட்களிடம் தகவல் திரட்டி மைய சர்வருக்கு அனுப்பும் இடைநிலை நிரல்) வைத்திருந்தால் அவற்றையும் அதே கையோடு 7.0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏஜென்ட்களை அடுத்த வாரங்களில் ஆற அமர மாற்றலாம்.

தொடங்கும் முன் பிஎச்பி வெர்ஷனைப் பாருங்கள். 7.0-இன் வெப் பக்கத்துக்கு பிஎச்பி 8.0-ஆவது வேண்டும். உபுண்டு 20.04-இல் இருப்பது 7.4. அப்படியென்றால் முதலில் இயங்குதளத்தையே உயர்த்த வேண்டியிருக்கும், அது தனி வேலை, தனி நாள்.

அடுத்து டேட்டாபேஸ். புதிய சர்வர் முதல் முறை எழும்போது, டேட்டாபேஸின் அமைப்பைத் தானே மாற்றத் தொடங்கும். இங்கேதான் எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் பெரிய சேதம் நடந்தது. பல வருட ஹிஸ்டரி தேங்கிய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அது. நள்ளிரவில் அப்கிரேட் தொடங்கினார்கள். லாக்கில் டேட்டாபேஸ் அப்கிரேட் இத்தனை சதவீதம் முடிந்தது என்று வரி வரியாக வந்துகொண்டிருந்தது, ஓர் இடத்தில் நின்றது. ஒரு மணி நேரம் அசையவில்லை. தொங்கிவிட்டது என்று எண்ணி, பணியில் இருந்தவர் சர்வீஸைக் கொன்றுவிட்டார். உண்மையில் அது ஒரு பெரிய டேபிளை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் அப்போதைக்கப்போதே உறுதியாகிவிடும், மொத்தமாகப் பின்வாங்க வழி கிடையாது. பாதி பழசு, பாதி புதுசு என்ற நிலையில் அது மறுபடி எழவே இல்லை. விடியற்காலையில் என்னை அழைத்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பேக்கப் எப்போது எடுத்தது? ஒன்பது நாள் பழையது. அந்த ஒன்பது நாள் பதிவும் போயிற்று.

அதனால் சர்வரை நிறுத்திய பிறகு, அப்கிரேடுக்கு முன், முழு பேக்கப் எடுங்கள். அதை வேறொரு கணினியில் விரித்து, அங்கேயே ஒரு முறை 7.0-ஐ ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். லாக் நின்றாலும் டேட்டாபேஸின் பிராசஸ் பட்டியலைப் பார்க்காமல் எதையும் கொல்லாதீர்கள். ஆல்டர் டேபிள் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள்.

கேள்வி: நாங்கள் கண்காணிப்புக்கு பிராமிதியஸ் வைத்திருக்கிறோம். சர்வரின் அளவுகளை அதற்குக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரின் பழைய வெர்ஷனை எடுத்துவிட்டு இன்றைய வெர்ஷனைப் போட்டேன். பிராமிதியஸ் அதைச் சரியாக எடுக்கிறது, ஆனால் டாஷ்போர்டில் சிபியு, மெமரி படங்கள் வெறுமையாக இருக்கின்றன. நல்லவேளை, அலர்ட் எதுவும் வரவில்லை.

பதில்: அந்த "நல்லவேளை"தான் எனக்குக் கவலை தருகிறது. உங்கள் பழைய எக்ஸ்போர்ட்டர் 0.16-க்கு முந்தியதாக இருக்க வேண்டும். 2018-இல் வந்த அந்த வெர்ஷனில் பல அளவுகளின் பெயர்கள் மாறின. நோட் சிபியு என்று இருந்தது, செகண்ட்ஸ் டோட்டல் என்ற வால் சேர்ந்து வந்தது. மெமரி அளவுகளுக்கு பைட்ஸ் என்ற வால். டாஷ்போர்டு பழைய பெயரைத் தேடிக் கிடைக்காமல் வெறுமையாக நிற்கிறது.

உங்கள் அலர்ட் விதிகளும் அதே பழைய பெயரைத்தான் தேடுகின்றன. பிராமிதியஸில் தேடிய அளவு கிடைக்காவிட்டால் விடை காலி, காலி விடைக்கு அலர்ட் அடிக்காது. அதாவது இந்த நிமிடம் மெமரி தீர்ந்து சர்வர் திணறினாலும் உங்களுக்கு ஒரு செய்தியும் வராது. டாஷ்போர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே விதிக் கோப்புகளைத் திறந்து பெயர்களை மாற்றுங்கள். ஒவ்வொரு சர்வரின் முக்கியமான ஒவ்வோர் அளவுக்கும், சர்வரின் பெயரையும் குறிப்பிட்டு, ஆப்சென்ட் என்ற ஃபங்ஷனைக் கொண்டு "இந்த அளவே வரவில்லை" என்று ஒரு தனி விதி எழுதுங்கள். ஸாபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை நோடேட்டா செய்யும்.

முடித்ததும் உபயோகத்தில் இல்லாத ஒரு சோதனை சர்வரில் எக்ஸ்போர்ட்டரை நிறுத்துங்கள். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். விதியில் எழுதிய நேரத்துக்குள் அலர்ட் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.