பிடுங்கச் சொன்ன கடைவாய்ப் பல்: மைக்ராஸ்கோப் வைத்துக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: என் கணவர் பாம்பனில் விசைப்படகுத் தொழிலாளி. மேல் வரிசையில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வருஷத்துக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்டோம். கொஞ்ச மாதமாக அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் சின்னக் கொப்புளம் வருகிறது, உடைகிறது, திரும்ப வருகிறது. வலி பெரிதாக இல்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார். பார்த்த டாக்டர் பிடுங்கிவிடலாம் என்கிறார். மதுரையில் மைக்ராஸ்கோப் வைத்துச் செய்தால் பல் பிழைக்கும் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார். அவ்வளவு தூரம் போய்ச் செலவு செய்வது சரிதானா? மீன்பிடித் தடைக்காலத்துக்குள் முடிக்க முடியுமா?

பதில்: இந்தப் பல்லை உடனே பிடுங்க வேண்டிய அவசரம் இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. அதற்காகக் கட்டாயம் பிழைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். வேர் விண்டுவிட்டதா, உள்ளே ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டில் எதையும் முடிவு செய்யக் கூடாது. மைக்ராஸ்கோப்பின் பெரிய பயனே அப்படிப் பார்க்க முடிவதுதான்.

வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேர் நுனியில் சேரும் சீழ் அந்தக் கொப்புளம் வழியாக வடிந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறாததால் வலிக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டதும் கொப்புளம் அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். நரம்பு எடுத்த பல்லின் கால்வாய்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது. விழுங்கிய மருந்து கிருமி குடியிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. மெடிக்கல் மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ரூட் கெனால் செய்த பல்லில் ஏன் திரும்பவும் சீழ் பிடிக்கிறது? காரணங்கள் பல. வேர் நுனி வரை சுத்தம் ஆகாமல் பாதியிலேயே அடைபட்டிருக்கலாம், கேப்பின் விளிம்பில் எச்சில் கசிந்து உள்ளே போயிருக்கலாம், கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஃபைல் எனும் மெல்லிய கம்பி முறிந்து உள்ளே நின்றிருக்கலாம். ஆனால் மேல் கடைவாய்ப் பல் என்றதும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது விட்டுப்போன கால்வாய் மேல்தான். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. மூன்று வேர் என்றால் மூன்று கால்வாய் என்று நினைப்போம். உண்மையில் கன்னப் பக்கத்து முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் இருக்கின்றன. அந்த இரண்டாவது மிக மெல்லியது. சாதாரண எக்ஸ்ரேயில் முதலாவதன் பின்னால் மறைந்துகொள்ளும்.

அதை எப்படித் தேடுகிறோம் என்று விவரமாகவே சொல்கிறேன். போகும் செலவு எதற்கு என்று அப்போது புரியும். கேப்பையும் பழைய அடைப்பையும் எடுத்த பிறகு பல்லுக்குள் சின்ன அறை ஒன்று தெரியும். அதன் சுவர் வெளிர் மஞ்சள், தரை சற்றே சாம்பல் கலந்த கருமை. கால்வாய்களின் வாய்கள் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில்தான் இருக்கும். முன்வேரின் முதல் வாயிலிருந்து அண்ணத்தை நோக்கி மெல்லிய கோடு ஒன்று போகும். அந்த வழியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது வாய் இருக்க வேண்டும். பெரும்பாலும் அதன் மேல் டென்டின், அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் பகுதி, மேடு கட்டி மூடியிருக்கும். வேகமாக அதிரும் அல்ட்ராசோனிக் முனையால் அந்த மேட்டை இம்மி இம்மியாகச் சுரண்டுவோம். பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் மருந்தைத் தரையில் தேங்கவிட்டு, பத்துப் பன்னிரண்டு மடங்கு பெருக்கத்தில் பார்ப்போம். அழுகிய திசு மிச்சமிருக்கும் இடத்திலிருந்து நுண்ணிய குமிழ்கள் வரிசையாக மேலே எழும். அங்கே 8 ஆம் எண் ஃபைலை வைத்தால் கவ்விக்கொள்ளும். அந்த ஃபைலின் நுனிப் பருமன் 0.08 மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணை நம்பி இந்த இடத்தில் சுரண்டினால் தரையில் ஓட்டை விழும்.

பெருக்கத்தை விடவும் நான் பெரிதாக மதிப்பது வெளிச்சத்தை. மைக்ராஸ்கோப்பில் நாம் பார்க்கும் திசையிலேயே ஒளியும் இறங்குவதால் பல்லின் ஆழத்தில் நிழல் விழாது. 1953இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கான மைக்ராஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காது, கண் டாக்டர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள், பல் மருத்துவத்துக்கு வந்து பரவியது வெகு காலம் கழித்து. டாக்டர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லூப் கண்ணாடியும் நல்லதுதான், ஆனால் அது பொதுவாக இரண்டரை முதல் நான்கைந்து மடங்கு வரைதான் பெருக்கும். கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது விரிசல். வேர் நீளவாக்கில் விண்டிருந்தால் எந்த மைக்ராஸ்கோப்பும் அந்த வேரைக் காப்பாற்றாது. ஈறைச் சுற்றி அளவுகோல் வைத்துப் பார்க்கும்போது மற்ற இடமெல்லாம் சரியாக இருந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாக இறங்கினால் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வரும். உள்ளே மெத்திலீன் நீலம் எனும் சாயத்தைத் தடவிக் கழுவினால் விரிசலில் நீலம் தங்கிவிடும். பெருக்கத்தில் அது மயிரிழைபோல் தெரியும். நம் கடற்கரையில் விண்ட பற்களுக்குப் பஞ்சமில்லை. வலை நூலைப் பல்லால் அறுப்பது, சோடா மூடியைக் கடித்துத் திறப்பது, கொட்டைப்பாக்கை வருஷக்கணக்கில் மெல்லுவது என்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. உங்கள் கணவருக்கும் இந்தப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

மிச்சம் எவ்வளவு பல் இருக்கிறது என்பதும் முக்கியம். கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் நல்ல பல் வேண்டும். கால்வாய் அத்தனையும் அருமையாகச் சுத்தமாகி, மேலே கேப் நிற்க இடமில்லை என்றால் பணம் வீண். பிடுங்கச் சொன்ன டாக்டர் ஒருவேளை இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். அவரிடமே போய், “வேர் விண்டிருக்கிறதா, மேலே பல் போதாதா, எதனால் பிடுங்கச் சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள். தெளிவான காரணம் சொன்னால் மதுரைக்குப் போகும் அலைச்சல் மிச்சம். “ஏற்கெனவே ரூட் கெனால் செய்த பல், அதனால்தான்” என்பது மட்டுமே பதில் என்றால் நான் பிடுங்கச் சம்மதிக்க மாட்டேன்.

அங்கேயே ஒரு சோதனையும் செய்துகொள்ளலாம். ஈறில் இருக்கும் அந்தத் துளை வழியாக கட்டாபெர்ச்சா எனும் ரப்பர் போன்ற பொருளால் ஆன மெல்லிய குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்று குச்சி காட்டிக்கொடுக்கும். சந்தேகம் மிஞ்சினால் சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். மேல் கடைவாய்ப் பல் வேர்களுக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கிறது. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அதையும் சொல்லுங்கள், அந்தப் பல்லே காரணமாக இருக்கலாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்களும் கடல்பாசி எடுக்க முங்கும் பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். கசியும் அடைப்புக்குள் சிக்கிய காற்றோ, அடைபட்ட சைனஸோ முங்கும்போது மேல் பல்லில் குத்துவலியாக வரும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முதல் வாரத்திலேயே தொடங்கினால் தாராளமாக முடியும். மறு ரூட் கெனாலுக்குப் பொதுவாக இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மணி நேரம். நடுவில் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து ஓரிரு வாரம் விடுவார்கள். கொப்புளம் மறைந்ததும் அடைத்து, கையோடு கேப். தற்காலிக அடைப்போடு கடலுக்குப் போகவே கூடாது. அது சில வாரங்களில் கசியத் தொடங்கும், செய்த வேலை அத்தனையும் பாழாகும். வேர் நுனியில் கரைந்த எலும்பு திரும்ப வளர்ந்து மூடுவதற்கு மாதங்கள் ஆகும். ஆறாவது மாதமும் ஒரு வருஷம் கழித்தும் எக்ஸ்ரே எடுத்தால்தான் ஆறியதா என்று தெரியும். சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மறு சிகிச்சைக்கும் அடங்காவிட்டால் வேர் நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டி எம்.டி.ஏ போன்ற மருந்தால் அடைக்கும் சின்ன அறுவை இருக்கிறது. அதற்கும் மைக்ராஸ்கோப் தேவைப்படும்.

செலவு முதல் தடவையைவிடக் கூடும். பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் வைப்பதைவிடப் பெரும்பாலும் குறையும். பிடுங்கிவிட்டுச் சும்மா விடுவதுதான் கைக்கு மலிவு, ஆனால் பக்கத்துப் பற்கள் சாயும், கீழ்ப் பல் மேலே எழும்பும். பாம்பனிலிருந்து மதுரை சுமார் 160 கிலோமீட்டர், அதனால் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்: வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ் எனும் பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவரா, சிகிச்சை முழுக்க மைக்ராஸ்கோப்பில் செய்வாரா, ரப்பர் டேம் எனும் ரப்பர் திரை கட்டுவாரா என்று. திரை கட்டாமல் எச்சில் உள்ளே இறங்க விட்டால் மைக்ராஸ்கோப் இருந்தும் பயனில்லை. தொண்டி, திருவாடானைப் பக்கத்துக்காரர்களுக்கு 2023இல் திறந்த புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கிட்டம், அங்கேயும் விசாரிக்கலாம். பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சைக்கு முன் அவர் தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போவதாக இருந்தால் இதைக் கூட வருபவர்களிடமும் சொல்லிவையுங்கள். முகம் வீங்கிக் கண் மூடினாலோ, தாடைக்குக் கீழே கெட்டியாக வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் காய்ச்சல் அடித்தாலோ மீன்பிடிப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் படகைத் திருப்ப வேண்டும். கரை ஏறியதும் பல் கிளினிக்குக்குப் போகாமல் நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகட்டும்.