ஒரு மழை பார்க்காமல் சுவரை மூடாதீர்கள்

வீடு வாசல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடவாக்கத்தில் இருபது வருஷப் பழைய தனி வீடு ஒன்றை வங்கிக் கடனில் வாங்கி, ஆனியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். கையில் மூன்று லட்சம் மிச்சம் இருக்கிறது. மாடுலர் கிச்சன், ஹாலில் மர பேனல் எல்லாம் இப்போதே போட்டுவிடலாம் என்கிறார் கணவர். ஹாலின் வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு பெயின்ட் பொரிந்து கொட்டுகிறது. பேனல் போட்டால் அதுவும் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை முதலில் செய்வது?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள் அம்மா. தீபாவளி தாண்டி, மார்கழி வரை பேனலை நினைக்கவே வேண்டாம். சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டுகிறது. அந்த மழையில்தான் வீடு தன் குணத்தைக் காட்டும். மாடியில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த ஜன்னல் ஓரம் கசிகிறது, சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் இறங்குகிறதா, எல்லாம் தெரிந்துவிடும். கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்த காலமெல்லாம் நான் வீட்டுக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டது இதைத்தான்: ஒரு மழை பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வடக்குச் சுவருக்கு வருவோம். பெயின்ட் உரிந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டினால் அது உப்பு. சுவர் நெடுக ஒரே உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால், தரையிலிருந்து ஈரம் மேலேறுகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நீங்கள் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கம், அங்கே இது ஆச்சரியமில்லை. ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூமும் இருந்தால் சந்தேகம் குழாய் மேல் போக வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. ராத்திரி மாடித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். விடியற்காலை மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த பாத்ரூமுக்குப் போகும் கேட் வால்வை மட்டும் மூடி மறுநாளும் பாருங்கள். இறக்கம் நின்றுவிட்டால் கோளாறு அந்த லைனில்தான். ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். மட்டமே இறங்கவில்லை என்றால் கழிவுக் குழாயோ டைல்ஸ் இடுக்கோ காரணமாக இருக்கலாம். சில நாள் அந்த பாத்ரூமில் தண்ணீர் புழங்காமல் இருந்து, சுவர் காய்கிறதா என்று கவனியுங்கள்.

தரை ஈரம்தான் என்று உறுதியானால், அந்த இடத்துப் பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஈரக் கோட்டுக்கு மேலும் ஓர் அடி எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்டு, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துப் பூச வேண்டும். ஈரத்தின் மேல் புட்டி வைத்தால் உப்பிக்கொண்டு வரும். மரத்தால் மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், கரையானும் வரும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

இன்னொன்று. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட் வரையா, படி வரையா, ஹாலுக்குள்ளா? அந்த உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவைத்து, மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் அதற்கு மேலே ஏற்றுங்கள். மூன்று லட்சத்தில் முதல் செலவு இதற்கு. மெயின் போர்டில், கரன்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது. ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான். கிச்சன் பொங்கலுக்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: கிரயம் முடிந்து சாவி வாங்கிவிட்டோம். கரன்ட் கார்டும் வீட்டு வரியும் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கின்றன. மெதுவாக மாற்றினால் போதுமா?
- வாசகர், மதுரை

பதில்: விற்றவர் உங்கள் போனை எடுக்கும் காலத்திலேயே மாற்றிவிடுங்கள். ஒரு கையெழுத்துக்காக அவரைத் தேடும் நிலை வரக் கூடாது. பட்டா உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா என்று இணையத்தில் பாருங்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய இடமென்றால் சர்வேயர் அளந்த பிறகுதான் வரும். வீட்டு வரி அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் கணக்குத் தொடங்கும். பழைய பாக்கி எதுவும் இல்லை என்று ரசீதோடு பார்த்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுங்கள். கடன் வாங்கியிருந்தால் மூலப் பத்திரங்கள் வங்கியில் இருக்கும். என்னென்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலை வங்கி முத்திரையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, உங்கள் கிரயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சர்வே எண் உட்பட படித்துப் பாருங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. புது வீட்டில் ராத்திரி எழுந்தால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தடுமாறுகிறார். பழைய வீட்டுக்கே போகலாம் என்று அழுகிறார்.
- வாசகி, திருச்சி

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது. பழைய வீட்டில் கட்டிலிலிருந்து இறங்கினால் பாத்ரூம் எந்தக் கைப்பக்கம் இருந்தது என்று யோசித்து, இங்கேயும் அதே கைப்பக்கம் வரும்படி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். அவருடைய பழைய பீரோ, சாமி படம் எதையும் மாற்றாதீர்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க சின்ன விளக்கு எரியட்டும். வழியில் கால்மிதி வேண்டாம், தடுக்கிவிடும். பாத்ரூம் சுவரில் ஸ்டீல் கைப்பிடியை இந்த வாரமே அடித்துவிடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். பகலில் அவர் கையைப் பிடித்து அந்த வழியில் நாலைந்து முறை நடத்திக் காட்டுங்கள். தெருவில் அவர் வயதுக்காரர் யாராவது இருந்தால், மாலையில் ஒரு காபிக்கு அழைத்து வாருங்கள்.