மாணவருக்கு இடர் மதிப்பீடு கற்பிப்பது எப்படி?

திருவாரூர் மாவட்டக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆசிரியை கேட்கிறார்: "மாணவர்கள் ஆய்வகப் பாதுகாப்பு விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால், செய்யப்போகும் சோதனையில் எங்கே விபத்து நேரலாம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதை எப்படிக் கற்பிப்பது?"

விதிப் பட்டியலைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்கள் உண்மையில் செய்யும் ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் மண்ணின் கரிமக் கார்பனை அளக்கும் வாக்லி-பிளாக் முறை உங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்தும். ஒரு கிராம் மண்ணில் 10 மி.லி. பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலும் 20 மி.லி. அடர் சல்பியூரிக் அமிலமும் சேர்த்து, அரை மணி நேரம் வைத்திருந்து, 200 மி.லி. நீர் விட்டுத் தரம்பார்க்கும் (மிஞ்சிய டைகுரோமேட்டை வேறொரு கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து அளக்கும்) முறை இது.

டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் அமிலம் தோலைப் பொசுக்கும் என்பதும் அப்பொருள்களின் இயல்பு, அதுவே ஆபத்து. அந்த இயல்பு உங்கள் மேசையில், அந்த மாணவரின் கையில், எவ்வளவு எளிதாகவும் கடுமையாகவும் தீங்கு செய்யக்கூடும் என்ற கணிப்பே இடர். முன்னதை, வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பகுதிகளில் இரண்டாவதிலேயே படித்துவிடலாம். பின்னதை எந்தத் தாளும் சொல்லாது.

ஆகவே செய்முறையை வரிவரியாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியிலும் எது தீங்கு செய்யும், எப்படி நேரும், எதனால் தடுக்கலாம் என்று எழுதவையுங்கள். அமிலம் சேர்த்ததும் குடுவை ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடாகும் என்பதையும், மெல்லிய கையுறை அடர் அமிலத்தை நெடுநேரம் தாங்காது என்பதையும் அப்போதுதான் கவனிப்பார்கள். 200 மி.லி. நீர் விடும் வரியில் சற்று அதிக நேரம் நில்லுங்கள். அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது என்று படித்தவர்களிடம் செய்முறையே ஊற்றச் சொல்கிறதே, ஏன்? அமிலம் ஏற்கெனவே ஓரளவு நீர்த்து, அரை மணி நேரம் ஆறியும் இருப்பதால் இடர் குறைந்திருக்கிறது. அவசரப்பட்டு ஆறுமுன் ஊற்றினால் அது மீண்டும் கூடிவிடும். இதைத் தாமே கண்டுசொல்லும் மாணவருக்கு இடர் மதிப்பீடு புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து, மன்னார்குடி வயல் மண்ணுக்குப் பதிலாக வேதாரண்யம் பக்கத்து உவர் மண்ணைக் கொடுங்கள். செய்முறை அதேதான், ஆனால் மண்ணிலுள்ள குளோரைடு, டைகுரோமேட்டுடனும் அமிலத்துடனும் சேர்ந்து குரோமைல் குளோரைடு என்னும் நச்சு ஆவியைத் தரக்கூடும். குளோரைடைப் பிடித்துவைக்க வெள்ளி சல்பேட் கலந்த அமிலத்தைப் பயன்படுத்துவதும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் வேலை செய்வதும் இங்கே கட்டாயமாகின்றன. மின்சாரம் நின்றால் ஹூட்டும் நின்றுவிடும், மேல்நிலைத் தொட்டி வற்றினால் கண் கழுவும் குழாயில் தண்ணீர் வராது என்பதையும் மாணவர்களே தாளில் எழுதட்டும்.

தடுப்பு என்றதும் கண்ணாடியையும் கையுறையையும்தான் முதலில் எழுதுவார்கள். அவை கடைசி வரிசை. அமிலத்தைப் பிப்பெட்டால் எடுக்காமல் புட்டியின் வாயில் பொருத்தும் டிஸ்பென்சரால் அளந்து விடுவது, ஒரு குழுவுக்கு ஒரே குடுவை தருவது போன்றவற்றை முதலில் யோசிக்கப் பழக்குங்கள். இடரை எண்களால் மதிப்பிடும் அட்டவணைகளைப் பிறகு அறிமுகப்படுத்தலாம். தொடக்கத்திலேயே கொடுத்தால் கட்டங்களை நிரப்புவதில்தான் கவனம் போகும்.

கழிவுக்கும் ஒரு வரி வேண்டும். தரம்பார்த்து முடிந்த குரோமியக் கரைசலையும் மிஞ்சிய டைகுரோமேட்டையும் கழுவுதொட்டியில் கொட்டினால் அது வாய்க்காலுக்குப் போய்ச் சேரக்கூடும். பெயரொட்டிய தனித்தனிக் கலன்களில் சேகரித்து, உரிய கழிவு மேலாண்மைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.