எண்ணெய் விலை சரிவு: திவாலாவது யார்? கேள்வி பதில்

கேள்வி: விலை விழுந்தால் எல்லா எண்ணெய் நிறுவனங்களும் திவாலாகிவிடுமா?

பதில்: இல்லை. 2014 ஜூனில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த அமெரிக்கக் கச்சா எண்ணெய், 2016 பிப்ரவரியில் 26 டாலர் அளவுக்கு இறங்கியது. பெரிய நிறுவனமான எக்ஸான் லாபம் குறைந்து இளைத்தது, அவ்வளவுதான். 800 கோடி டாலருக்கு மேல் கடன் வைத்திருந்த லின் எனர்ஜி என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் அந்த மே மாதமே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

கேள்வி: விலை ஏறும்வரை உற்பத்தியை நிறுத்தி வைக்கலாமே?

பதில்: வட்டி நிற்காதே! அதோடு ஷேல் கிணற்றின் (பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் கிணறு) உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும். வருமானம் தொடர வேண்டுமானால் புதுக் கிணறு தோண்ட வேண்டும், அதற்கும் கடன்தான்.

கேள்வி: வங்கிகள் எப்போது கழுத்தைப் பிடிக்கும்?

பதில்: நம் ஊர் நகைக்கடனை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அடகு வைப்பது நிலத்தடி எண்ணெய் இருப்பை. பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வங்கி அதை மறுமதிப்பீடு செய்யும். விலை சரிந்திருந்தால் கடன் வரம்பு குறையும். வரம்புக்கு மேல் வாங்கியிருப்பதைத் திருப்பிக் கட்ட வேண்டும். கையில் காசு இல்லாத நேரம் பார்த்துத்தான் இந்தக் கடிதம் வரும்.

கேள்வி: முன்கூட்டியே விலையை உறுதி செய்துகொள்ளும் 'ஹெட்ஜிங்' காப்பாற்றாதா?

பதில்: அவகாசம் வாங்கித் தரும். ஒப்பந்தம் ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும், கடன் அதைத் தாண்டியும் நிற்கும். செலவைக் குறைக்கச் சிலர் பாதுகாப்பின் அடிப்பகுதியை விற்றுவிடுவதும் உண்டு. உதாரணமாக, விலை 50 டாலருக்குக் கீழே போனால் குறைவை ஈடுகட்டும் காப்பு வாங்கி, 40 டாலருக்குக் கீழான பகுதியை விற்றுவிட்டால், விலை 20 ஆனாலும் பீப்பாய்க்கு 10 டாலர்தான் ஈடாகக் கிடைக்கும். குடை வாங்கித் துணியில் பாதியை விற்றது போல.

கேள்வி: 2020 ஏப்ரல் 20 அன்று விலை மைனஸ் 37.63 டாலர் ஆனதே, அதுதானே பலரை வீழ்த்தியது?

பதில்: அது, மே மாதம் எண்ணெயைப் பெற்றுக்கொள்வதற்கான, காலாவதியாகவிருந்த ஒப்பந்தத்தின் விலை. அமெரிக்க ஷேல் நிறுவனமான வைட்டிங் பெட்ரோலியம் அதற்கு முன்பே, ஏப்ரல் 1 அன்றே, திவால் மனுப் போட்டுவிட்டது.

கேள்வி: வைட்டிங்கிடம் பணம் இருந்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: 58 கோடி டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தது. ஆனால் ஒரு கடன் பத்திரத்தின் தவணை அன்றுதான் வந்தது. அதைக் கட்டிக் கையிருப்பைக் கரைப்பதைவிட, ரொக்கத்தோடு நீதிமன்றம் போவது மேல் என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அது சரியான கணக்காகவே தெரிகிறது. சில நாள் முன்பு நிர்வாகிகளுக்கு ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு ஊக்கத்தொகை ஒதுக்கியதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

கேள்வி: மனுப் போட்டபின் பங்கு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: கிணறு ஓடும், எண்ணெய் வரும், சொந்தக்காரர் மாறிவிடுவார். வைட்டிங்கின் பழைய பங்குதாரர்களுக்குப் புது நிறுவனத்தில் 3 சதவீதம் கிடைத்தது. 2020 ஜூனில் மனுப் போட்ட செசபீக் எனர்ஜியின் பழைய பங்குதாரர்களுக்கு அதுவும் இல்லை.