விளையாட்டே தெரியாதவர் வட்டார விளையாட்டுக் கழகத்தில் தன்னார்வலராகச் சேரலாமா?

கேள்வி கேட்டவருக்கு 40 வயது, வீடு செந்தூலில். விளையாடிப் பழக்கமில்லை, ஆனால் பிள்ளைகளுக்கான கழகம் எதிலாவது உதவ ஆசை என்கிறார். தாராளமாகச் சேருங்கள். எங்கள் கழகத்தில் நாங்கள் அதிகம் நம்பியிருக்கும் அக்காவுக்குக் காற்பந்தில் ஆஃப்சைட் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது.

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரு சின்னக் காற்பந்துக் கழகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் முப்பது, நாற்பது பிள்ளைகள் வருவார்கள். பந்து சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்துவிடும்; ஒரு காலத்தில் ஆடிய அண்ணன்மார் எல்லா வட்டாரத்திலும் உண்டு. வந்த பிள்ளைகளின் பெயரைக் குறிப்பது, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, திடலுக்கு முன்பதிவு, பெற்றோருக்குப் போன், இதற்குத்தான் ஆளே இருக்காது.

அந்த அக்கா மகனைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட வந்தவர். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒரு கட்டம் போட்ட நோட்டை வாங்கி வந்தார். வந்த பிள்ளைக்கு டிக், வராத பிள்ளைக்கு வட்டம். ஒரு பையனுக்குத் தொடர்ந்து இரண்டு வட்டம் விழுந்தது. பயிற்றுநர்கள் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அக்கா அன்று மாலையே அவன் அம்மாவிடம் பேசினார். பூட்ஸின் அடி பிய்ந்துவிட்டதாம். சம்பளம் வரும்வரை வாங்க வழியில்லை, கேட்கவும் கூச்சம். அடுத்த வாரமே, வளர்ந்த பையன்களுக்குச் சேராமல் போன பூட்ஸ்களைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, அளவு எழுதி ஓர் அரிசிப் பையில் கொண்டுவந்தார். பையன் திரும்பி வந்தான். இப்போது அவன்தான் எங்கள் கோல்கீப்பர். அவனுக்குக் கைகள் நீளமாக இருப்பதால் திடலோரம் உட்காரும் தாத்தாக்கள் அவனை 'ஆறுமுகம்' என்றே கூப்பிடுகிறார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போக முடியாத நம் மலேசியத் தேசிய அணியின் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்தை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.

இன்னொரு வேலை, இடியைக் கவனிப்பது. நம் ஊர் மாலை மழை உங்களுக்குத் தெரியும். இடிச் சத்தம் கேட்டால் திடலைக் காலி செய்ய வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். ஆட்டச் சூட்டில் பயிற்றுநருக்கு இது காதில் விழாது. "அக்கா, இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். நடுவில் மறுபடி இடித்தால் கணக்கு முதலிலிருந்து. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சேருமுன் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையரிடம் கழகம் பதிவாகியிருக்கிறதா? சந்தாப் பணத்துக்கு ரசீது உண்டா? நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் பணம் ஒருவர் சட்டைப்பையிலேயே இருந்தது. கெட்டவர் இல்லை, கணக்குதான் இல்லை. அந்தச் சண்டையில் கழகமே கலைந்து, பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அப்புறம், எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். கூட்டிப்போக ஆள் வராத பிள்ளை ஒன்று தினமும் மிஞ்சும்; அப்போது பெரியவர்கள் இரண்டு பேர் இருந்து காத்திருங்கள். காரில் தனியாக ஏற்றிப்போய் விடுவது உதவியாகத் தெரிந்தாலும் வேண்டாம். இதை உங்களிடம் முதல் நாளே சொல்லும் கழகம் நல்ல கழகம்.

எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு வேலையை எடுத்து மூன்று மாதம் தவறாமல் வாருங்கள். முதல் சனிக்கிழமை போகும்போது ஒரு நோட்டு, இரண்டு பேனா, ஒரு குடை போதும். பேனா ஒன்றை யாராவது கட்டாயம் வாங்கிப் போய்விடுவார்கள்.