மலேசியாவின் பிறை நகரத் தொழிற்சாலையில் விரல்களை இழந்த தம்பிக்கு இழப்பீடு உண்டா?

பிரஸ் இயந்திரத்தில் தம்பியின் இரண்டு விரல்கள் போய்விட்டன, முதலாளி மீது வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொக்சோவில், அதாவது மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், பதிந்த தொழிலாளி என்றால் இயலாது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. அது நியாயமா என்பது வேறு கதை.

ஆகவே சொக்சோவிடமே கேளுங்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தாரா என்று முதலில் விசாரியுங்கள். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.

பெரிய தொகை அதற்குப் பிறகுதான். மருத்துவ வாரியம் நிரந்தர ஊனத்தை விழுக்காட்டில் மதிப்பிடும். 20ஐத் தாண்டாவிட்டால் முழுவதையும் ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம். தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே அப்படி. மீதி ஆயுள்வரை மாதந்தோறும் வரும். மதிப்பீடு குறைவாகப் பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். விடுப்புச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைத்துவிடாதீர்கள்.